வளைகாப்பு முடியட்டும் என்றா காத்திருந்தீர்கள்?

கேள்வி: எனக்கு 28 வயது. போன வருடம் ஸ்கேனில் இடது சினைப்பையில் 4 செ.மீ. நீர்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். போன மாதம் 16 நாள் தள்ளிப்போய், பிறகு வயிற்றுவலியோடு கட்டிகட்டியாக ரத்தம் போனது. நாத்தனாருக்கு வளைகாப்பு வைத்திருந்ததால் யாரிடமும் சொல்லாமல் ஒன்பது நாள் மாத்திரை போட்டுச் சமாளித்தேன். இப்போது நின்றுவிட்டது. இடது பக்கம் மட்டும் விட்டுவிட்டு வலிக்கிறது. அது நீர்க்கட்டியா, கரு கலைந்ததா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: கட்டியா கருவா என்பது அப்புறம். அந்த ஒன்பது நாளை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! ஐந்து வகை சாதம் கிளறி, வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்து, நடுநடுவே கொல்லைப்பக்கம் போய் நாப்கின் மாற்றிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். 'கரு கலைந்தவள் கை பட்டால் ஆகாது' என்று யாராவது ஒரு பெரியம்மா வாயைத் திறப்பார். அந்த வாய்க்குப் பயந்து உயிரைப் பணயம் வைத்திருக்கிறீர்கள்.

உயிர் என்று சும்மா சொல்லவில்லை. கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டாலும் இப்படித்தான் நாள் தள்ளிப்போகும், ரத்தம் படும், ஒரு பக்கம் வலிக்கும். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். தோள்பட்டை நுனி வலிக்கும், கண் இருட்டும். உங்களுக்கு இடது பக்கம் இன்னும் வலிக்கிறதே, அதனால்தான் கத்துகிறேன்.

பொதுவாகக் கரு கலைகிற வலி நடுவயிற்றில் பிடித்துப் பிடித்து இழுத்து இடுப்புக்குப் போகும். கட்டி வலி ஒரு பக்கமாக மந்தமாக இருக்கும். சினைப்பை முறுக்கிக்கொண்டால் வாந்தியோடு சுரீரென்று கிளம்பும். ஆனால் இதை வைத்து வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. கட்டியாலும் நாள் தள்ளும். கரு தங்கினாலே சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி வருவது இயல்பு. பழைய ரிப்போர்ட்டை நம்பி, 16 நாள் தள்ளியும் மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற கார்டு ஒன்று வாங்கிப் பார்க்கத் தோன்றவில்லையா?

சரி, இன்றைக்கே மகப்பேறு டாக்டரிடம் போங்கள். கலைந்த பிறகும் சில வாரம் கார்டில் இரண்டு கோடு விழலாம். ஒரு கோடுதான் என்றாலும் ஸ்கேனை விடாதீர்கள். ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்கிற கர்ப்ப ஹார்மோன் அளவைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் 48 மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். தலை சுற்றினாலோ வலி கூடினாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடிதத்தில் உங்கள் கணவர் எங்குமே இல்லை. தாலி கட்டியவருக்கு மனைவி எத்தனை நாப்கின் மாற்றினாள் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பவள் நான். ஸ்கேன் அறைக்கு வெளியே அவர்தான் உட்கார வேண்டும், உங்கள் அம்மா இல்லை.

மாமியாரிடமும் சொல்லுங்கள். அவரும் இப்படி ஒன்றை இழந்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் அடுத்த நாளே பந்தி பரிமாறியவராக இருக்கலாம்.