ரிசல்ட் வரட்டும்

அன்புள்ள ஐயா,

கணிதத்தில் முதுகலை முடித்தவள் நான். வயது 29. 2022, 2024, 2025 என மூன்று முறை தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதி, மூன்று முறையும் கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். இப்போது இன்னொரு தேர்வை எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன். பகலில் மாவட்ட மைய நூலகத்தில் படிக்கும்வரை ஒன்றும் தெரிவதில்லை. இரவில் படுத்ததும், முப்பத்தைந்து வயதிலும் இப்படியே இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு நெஞ்சை அடைக்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும், அதைக்கூட ரிசல்ட் வரட்டும் என்று வைத்திருக்கிறேன். இந்தப் பயத்திலிருந்து எப்படி மீள்வது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது மூக்குக்கண்ணாடியைப் பற்றிய அந்த வரியைத்தான். நாள் முழுவதும் புத்தகமும் கையுமாக இருக்கும் ஒருவர், எழுத்து தெளிவாகத் தெரிவதற்கான கண்ணாடியையே தேர்வு முடிவுக்குப் பிறகு என்று ஒதுக்கிவைத்திருக்கிறார் என்பது என்னை வருத்தியது.

உங்கள் அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லித் தேற்ற மாட்டேன். 2024ஆம் ஆண்டு குரூப் 4 அறிவிக்கையில் இருந்தவை 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். இத்தகைய நெரிசலில் 200 கேள்விகளில் ஒன்றிரண்டு தவறியதை வைத்து உங்கள் தகுதியை நீங்கள் எடைபோட்டுக்கொள்ளக் கூடாது. 2022 ஜூலையில் எழுதிய தேர்வுக்கு 2023 மார்ச்சில்தான் முடிவு வந்தது. அந்த எட்டு மாதங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நான் அறிவேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, இன்டர்வியூ கார்டுக்காகக் காத்திருந்த தலைமுறை என்னுடையது. பதினோரு மணிக்குத் தபால்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போது, திண்ணையில் இருக்கும் அப்பா செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொள்வார். சைக்கிள் எங்கள் வாசலைக் கடந்து போனதும், ஏற்கெனவே படித்து முடித்த முதல் பக்கத்தையே மறுபடி விரிப்பார். அந்தப் பதினோரு மணிக்காகவே நானும் ஒவ்வொரு நாளையும் கடத்தினேன். நண்பர் ஒருவர் டுடோரியலில் பாடம் எடுக்க அழைத்தபோது, கார்டு வரப்போகும் நேரத்தில் அது எதற்கு என்று மறுத்தேன். இரண்டாவது முறை பதிவைப் புதுப்பித்த பிறகுதான் போனேன். கார்டு அதன்பிறகும் வரவில்லை. ஆனால், கையில் சுண்ணாம்புத் தூளோடு வீடு திரும்பிய மாலைகளில், அன்று தபால்காரர் வந்தாரா என்று கேட்கவே மறந்திருந்தேன்.

ரிசல்ட்டுக்குப் பிறகு என்று நீங்கள் தள்ளிவைத்திருப்பவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, அவற்றில் எவை உண்மையிலேயே அந்த முடிவைப் பொறுத்தவை என்று பாருங்கள். மிகச் சிலவே தேறும் என்று நினைக்கிறேன். பள்ளி வேலை உங்கள் படிப்பு நேரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். இருந்தாலும் மூன்று முறை முழுப் பாடத்தையும் படித்து முடித்த உங்களுக்கு, மீதமுள்ள நேரம் போதும் என்றே எனக்குப் படுகிறது. இன்னும் எத்தனை தேர்வுகள் எழுதுவது என்பதை, மனம் தெளிந்திருக்கும் ஒரு காலையில் நீங்களே தீர்மானித்து அந்தத் தாளில் தேதியோடு குறித்துவையுங்கள்; முடிவு வெளியாகும் நாளின் இரவில் அந்தத் தீர்மானத்தை எடுக்காதீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வழிமுறை உண்டு. கவலைப்படுவதற்கென்றே தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரத்தை ஒதுக்குவது. மற்ற வேளைகளில் எழும் கவலையை அந்த அரை மணிக்கு ஒத்திப்போடுவது. மாலை ஆறு மணி உங்களுக்கு வசதிப்படலாம், ஆனால் படுக்கையில் மட்டும் வேண்டாம். நோட்டில் எழுதியபடியே கவலைப்படுங்கள். தொடக்கத்தில் மனம் கேட்காது, சில வாரங்களாவது விடாமல் செய்யுங்கள். தூக்கமின்மையும் நெஞ்சடைப்பும் தொடருமானால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

நாளை நூலகத்துக்குப் போகும் வழியில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புதுக் கண்ணாடி கைக்கு வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.