திருப்பி வந்த தட்டு

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு 33 வயது. தென்காசிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கணவருக்கு வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஜப்பானில் ஹமமட்சு என்ற ஊருக்கு வந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருந்தால் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு என்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் நாங்கள் மட்டும்தான். ஏழு வயது மகள் இந்த ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள்.

இங்கே யாரும் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதனால்தான் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வந்த புதிதில் பார்த்ததெல்லாம் அதிசயமாக இருந்தது. பேருந்தில் விட்ட பர்ஸ், பணம் குறையாமல் காவல் சாவடியில் கிடைத்தது. மஞ்சள் தொப்பி போட்ட சின்னப் பிள்ளைகள் பெரியவர் துணை இல்லாமல் வரிசையாகப் பள்ளிக்கு நடந்து போனார்கள். அம்மாவிடம் போனில் சொல்லி மாளாது.

பக்கத்து வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். லிஃப்டில் பார்த்தால் குனிந்து வணங்குவார். என் அரைகுறை ஜப்பானிய மொழியை ரொம்ப நன்றாக இருக்கிறது என்பார். ஒருநாள், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போன தீபாவளிக்குக் கேசரியும் முறுக்கும் செய்து, ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போய் மணியடித்தேன். கதவைப் பாதி திறந்தார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "சுமிமாசென், சுமிமாசென்" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். உள்ளே வா என்று ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாளே தட்டைக் கழுவித் துடைத்து, கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டியோடு ஒரு சின்ன அட்டையில் ஏதோ கையால் எழுதிவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கணக்குத் தீர்த்துவிட்டார் என்றுதான் தோன்றியது. அட்டையை அலமாரி இழுப்பறைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு இருவரும் லிஃப்டில் குனிந்து கும்பிடுவதோடு சரி. வீடு வீடாகக் கைமாறும் குடியிருப்போர் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகையைக்கூட மணியடிக்காமல் எங்கள் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போகிறார்.

மார்ச்சில் குடியிருப்பை நிர்வகிக்கும் கம்பெனியிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒரு அச்சடித்த தாள் வந்தது. அதிகாலையில் ஏதோ இயந்திரச் சத்தம் கேட்கிறதாம், எல்லோரும் கவனமாக இருக்க வேண்டுமாம். அது என் கிரைண்டர்தான். இங்கே 100 வோல்ட் மின்சாரம் என்பதால் டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்து, காலை ஆறு மணிக்கு மாவரைத்துக்கொண்டிருந்தேன். "சத்தமா இருக்குமா" என்று நேரில் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நிறுத்தியிருப்பேனே! எந்த வீட்டுக்காரர் சொன்னார் என்றுகூடத் தெரியவில்லை. இப்போது படியில் எதிரே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து, இவரா, இவரா என்று மனம் அலைகிறது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். போன மாதம் ரயிலில் அம்மாவிடமிருந்து போன் வந்தது, எடுத்துப் பேசினேன். மகள் என் கையைக் கிள்ளி, "பேசாதம்மா, எல்லாரும் பாக்குறாங்க, மெய்வாகு" என்றாள். மெய்வாகு என்றால் மற்றவருக்குத் தொந்தரவு. பெற்ற பிள்ளைக்கு நான் தொந்தரவாகிவிட்டேன். அன்றிலிருந்து மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. கணவரும் மகளும் வெளியே போனபிறகு மத்தியானம் வரை படுத்தே கிடக்கிறேன். கணவர், "நீ எல்லாத்தையும் மனசுல போட்டுக்கிற" என்கிறார். அடுத்த தீபாவளி வருகிறது. எண்ணெய்ச் சட்டியை எடுக்கவே மனமில்லை. இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையா? குறை என்னிடம்தானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசிவிடுவோம். மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டு, மத்தியானம் வரை எழுந்திருக்க முடியாமல் கிடப்பதை ஊர் ஏக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. இது மனச்சோர்வின் தொடக்கமாக இருக்கலாம். உங்கள் ஊரில் 'ஷின்ரியோ நைகா' என்று பலகை வைத்த கிளினிக்குகள் இருக்கும். மனத்தால் உடம்பு பாதிக்கப்படுபவர்களைப் பார்க்கும் இடங்கள் அவை. உங்களுக்கிருக்கும் மருத்துவக் காப்பீட்டில் செலவின் 30 சதவீதம்தான் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். கணவர் ஒருநாள் விடுப்பு எடுத்துக் கூட வரட்டும். மனம் விட்டுத் தமிழில் பேச வேண்டுமென்றால் இங்குள்ள ஆலோசகரிடம் வீடியோவில் பேசலாம். மூன்றரை மணி நேர வித்தியாசம்தானே, உங்கள் மத்தியானம் எங்களுக்குக் காலை. நான் கீழே எழுதப்போவது எதுவும் இதற்கு மாற்றாகாது.

இனி அந்தத் தட்டு. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அதுதான். தென்காசியில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால் உங்கள் அம்மா கிண்ணத்தை வெறுமையாகவா திருப்பித் தருவார்? ஒன்றும் இல்லாவிட்டால் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவார். அதைக் கணக்குத் தீர்த்தல் என்று நாம் யாரும் நினைத்ததில்லை. அந்த அம்மா செய்ததும் அதுதான். வாங்கியதற்குப் பதில் கொடுப்பதை அங்கே 'ஒகாஎஷி' என்கிறார்கள். நாம் வீட்டில் இருப்பதைப் போடுவோம், அவர்கள் கடையில் வாங்கி அழகாகச் சுற்றித் தருகிறார்கள். அந்தக் காகிதச் சுற்று உங்களுக்கு அந்நியமாகத் தெரிந்திருக்கிறது.

அவர் பத்துத் தடவை சொன்ன 'சுமிமாசென்' என்ற சொல்லையும் பாருங்கள். மன்னிப்புக்கும் நன்றிக்கும் ஜப்பானியர் அதையே சொல்கிறார்கள். முடிதல், தீர்தல் என்று பொருள்படும் 'சுமு' என்ற வினையின் எதிர்மறை வடிவம் அது. நீங்கள் எனக்காகப் பட்ட பாட்டுக்கு என் பக்கக் கடன் தீரவில்லையே என்ற உணர்வு அதில் இருக்கிறது. கணக்குத் தீர்த்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வாய் சொல்லிக்கொண்டிருந்தது தீரவில்லை என்று.

ஆனாலும் உள்ளே கூப்பிடவில்லையே என்பீர்கள். சொல்லாமல் வந்த விருந்தாளியைச் செருப்புக் கழற்றும் இடமான 'கென்கான்' பகுதியிலேயே நிறுத்தி, பேசி, வழியனுப்புவது அங்கே மரியாதைக் குறைவில்லை. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்பது பல சமயம் நல்லெண்ணத்தைக் காட்டும் பேச்சு. வரச் சொல்லி நாள் குறித்தால்தான் அது அழைப்பு. இங்கே வாசலில் நின்றபடி "சாப்பிட்டீங்களா" என்று கேட்பவர் எல்லோரும் இலை போடக் காத்திருப்பதில்லையே, அதைப்போலத்தான். உங்கள் வரவு அவருக்குப் பிடிக்காமலில்லை. தயாராக இல்லாத வீட்டை உங்கள் கண்ணில் காட்ட நேர்ந்துவிடுமோ என்ற பதற்றம் அது.

இப்போது ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். தகேயோ தோய் என்று ஜப்பானில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார். 1950இல் அமெரிக்கா போன புதிதில் ஒருவர் வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்காரர், பசிக்கிறதா, வேண்டுமானால் ஐஸ்கிரீம் இருக்கிறது என்கிறார். இவருக்கு நல்ல பசி. முதல்முறை பார்க்கும் வீட்டில் உடனே ஆமென்று சொல்லக் கூச்சப்பட்டு, வேண்டாம் என்றுவிடுகிறார். இன்னொரு தடவை வற்புறுத்துவார் என்று மனசுக்குள் எதிர்பார்ப்பு. அப்படியா என்று வீட்டுக்காரர் பேச்சை மாற்றிவிடுகிறார். இவர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார். இந்த மாதிரி அனுபவங்களிலிருந்துதான் 'அமாஎ' என்ற ஜப்பானியச் சொல்லைப் பற்றிப் பிற்பாடு அவர் விரிவாக எழுதினார். எதிரில் இருப்பவர் நான் கேட்காமலே என் மனதைப் புரிந்துகொள்வார் என்று நம்பி அவர் அன்பின்மேல் சாய்ந்துகொள்வதுதான் அமாஎ. உரிமை எடுத்துக்கொள்வது என்று நாம் சொல்வதற்கு மிக நெருக்கம்.

ஐஸ்கிரீம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவர் ஒரு ஜப்பானியர் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஹமமட்சுவில் உணர்வதை அவர் அமெரிக்காவில் உணர்ந்தார். ஆக, இது அவர்களுக்குத் தெரியாத பசி இல்லை. வீட்டாருக்குள்ளும் நெடுநாள் நட்புக்குள்ளும் அந்த உரிமையை நிறைய எடுத்துக்கொள்கிறார்கள். 'உச்சி' என்ற உள்வட்டத்துக்கும் 'சொதோ' என்ற வெளிவட்டத்துக்கும் நடுவே கோடு தெளிவாக இருக்கிறது. நம்மூரில் ஒரு தட்டுப் பலகாரம் ஒரே மாலையில் அந்தக் கோட்டைத் தாண்டவைத்துவிடும். அங்கே அதற்கு வருடங்கள் ஆகலாம். நீங்கள் இழந்து தவிப்பது இந்த உரிமையைத்தான். அந்த வலி நியாயமானது. அதற்காக அழுவதில் வெட்கமில்லை.

அச்சடித்த தாளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. பெயர் சொல்லாமல் எல்லா வீட்டுக்கும் பொதுவாக எழுதியது உங்கள் முகத்தைக் காப்பாற்றத்தான். நேரில் சொன்னால் இருவருக்கும் சங்கடம் என்று நினைக்கும் ஊர் அது. ஆனால் அந்த வழக்கம் மனிதரைச் சந்தேகத்தில் வாட்டும் என்பதும் உண்மை. அதைப் பண்பாடு என்று நான் மெழுகிவிடப் போவதில்லை. நீங்கள் படியேறும்போது படுகிற பாடு எனக்குப் புரிகிறது. கிரைண்டரைக் காலை பத்து மணிக்கு மேல் போடுங்கள், அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பு வையுங்கள். சொன்னவர் யார் என்ற தேடலை அதோடு விட்டுவிடுங்கள்.

பிடிக்கவில்லையா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் உங்கள் தவறான புரிதல்தான் என்று நான் சொன்னால் அது பொய். 2016இல் ஜப்பானிய நீதி அமைச்சகம் எடுத்த ஆய்வில், வாடகை வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காகவே வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஒதுக்குதல் அங்கே இருக்கிறது. உங்களுக்கும் ஒருநாள் நடக்கலாம், நடந்தால் அது உங்கள் குறையாகாது. ஆனால் இந்தக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் சம்பவங்களில் அதை நான் காணவில்லை. தனிமை அவர்களையும் தின்கிறது. 2021இல் தனிமைக்கென்றே ஒரு அமைச்சரை நியமித்த நாடு அது. தனியாக வாழும் அந்த அம்மாவின் மாலைப்பொழுதுகள் எப்படிப் போகின்றன என்று எனக்கு யோசனை ஓடுகிறது.

வெளிநாட்டு வாழ்வில் முதலில் வியப்பும், பிறகு எரிச்சலும் சோர்வும், அப்புறம் மெல்லப் பழகுதலும் வருவதை 1960இலேயே கலர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் அதே வரிசையில் வருவதில்லை. பர்ஸ் கிடைத்த வியப்பும் இப்போதைய சோர்வும் ஒரே ஆளுக்கு வரக்கூடியவை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

மகள் விஷயத்தில் அவசரம் வேண்டும். அவள் உங்களைத் தொந்தரவு என்று சொல்லவில்லை. பள்ளியில் தினமும் காதில் விழும் ஒரு சொல்லைப் பயத்தோடு சொல்லியிருக்கிறாள். எல்லோரும் பார்க்கும்போது தன் அம்மாவை யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாதே என்ற பயம் அது. ஏழு வயதில் வீட்டின் மொழிபெயர்ப்பாளராகவும் காவல்காரராகவும் ஆவது பிள்ளைக்குப் பெரிய பாரம். அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ரயில்ல பேசக்கூடாதுன்னு அம்மாவுக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு, இனிமே நானே பாத்துக்கறேன். வீட்டுக்குள்ள நாம எவ்வளவு சத்தமா வேணும்னாலும் பேசலாம்." பள்ளிக் கடிதங்களைப் படித்துச் சொல்ல அவளைக் கூப்பிடாதீர்கள். அதற்குப் போனில் படம் எடுத்து மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறது.

கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். "மனசுல போட்டுக்கிற" என்ற வார்த்தையை அவர் இனிச் சொல்ல வேண்டாம்.

பழக்கம் வீட்டுக் கதவு வழியாக வரும் என்று காத்திருக்காதீர்கள். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே வேலை என்று கூடும் இடங்களில்தான் அங்கே பழக்கம் பிறக்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்பு, குடியிருப்பைச் சுத்தம் செய்யும் ஞாயிற்றுக்கிழமை, பள்ளிப் பெற்றோர் சங்க வேலை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரேசில்காரர்கள் ஏராளமாக வாழும் ஊர் உங்களுடையது. அந்த வகுப்பில் உங்களைப் போலவே வாய் தடுமாறும் பெண்கள் இருப்பார்கள்.

இந்தத் தீபாவளிக்கும் பலகாரம் செய்யுங்கள். செய்ய முடியாவிட்டால் விடுங்கள், அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். செய்தால், இரண்டு நாள் முன்பே அந்த அம்மாவின் தபால் பெட்டியில் ஒரு சீட்டுப் போடுங்கள்: சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இனிப்புக் கொண்டுவந்து வாசலில் தரலாமா என்று. கொஞ்சமாக எடுத்துப் போங்கள். நிறையக் கொடுத்தால் அவருக்குப் பதில் செய்வது பாரமாகிவிடும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வருடமாக இழுப்பறையில் கிடக்கும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் படிக்கவே இல்லை. வெறும் சம்பிரதாய வார்த்தைகளாக இருக்கலாம், அதிகமாக எதிர்பார்க்காதீர்கள். கையெழுத்து செயலிக்குப் பிடிபடாவிட்டால் மொழி வகுப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள். கடையில் வாங்கிய பெட்டியோடு தன் கையால் எழுதிய ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். என்ன எழுதியிருந்தார் என்று எனக்கும் எழுதுங்கள்.