மரம் வெட்டும் அரசு டெண்டரில் கலந்துகொள்ள என்னென்ன வேண்டும்?

செயின்சாவும் பழகிய ஆட்களும் வைத்துக்கொண்டு தனியார் தோப்புகளில் வேலை செய்துவரும் நீங்கள், டெல்டா மாவட்டங்களில் அரசு விடும் மரம் வெட்டும் டெண்டருக்குப் போக என்ன தகுதி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதே தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், அறிவிப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். மரத்தையே விலைக்கு விற்கும் ஏலம் என்றால் அதிகத் தொகை கேட்டவருக்குக் கிடைக்கும். வெட்டி, கிளை கழித்து, பட்டை உரித்து, அடுக்கி, லாரியில் ஏற்றிக் கொடுக்கும் கூலி ஒப்பந்தம் என்றால் டன்னுக்குக் குறைந்த விலை போட்டவருக்குக் கிடைக்கும். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் போன்ற நிறுவனங்களின் தைலமரத் தோட்டங்களுக்குப் போனாலும், வனத்துறை ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் வளர்த்த தேக்குக்குப் போனாலும், இந்த வேறுபாட்டைப் பொறுத்தே உங்கள் கணக்கு முழுவதும் மாறும்.

காகிதங்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒன்றுதான்: பான், ஜி.எஸ்.டி. பதிவு, இதே வகை வேலையை முடித்ததற்கான அனுபவச் சான்று, வட்டாட்சியரிடம் வாங்கும் சொத்து மதிப்புச் சான்று, இணையவழி டெண்டர் என்றால் டிஜிட்டல் கையொப்பம், ஈ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை. இந்தக் காகிதங்களை வைக்கும் தொழில்நுட்ப உறையில் ஒரு தாள் குறைந்தாலும் விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள். தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள்களும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள்களும் அவகாசம் தர வேண்டும். சொத்து மதிப்புச் சான்று அதற்குள் கைக்கு வராமல் போகலாம் என்பதால், அறிவிப்பு வருவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

டெல்டாவில் எந்தச் சான்றிதழையும்விட முக்கியமானது காலக் கணக்கு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும். இடையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாய்க்காலில் தண்ணீர் ஓடி, கரை ஊறிப்போயிருக்கும் அந்த மாதங்களில் பாரம் ஏற்றிய லாரி கரையில் ஏறினால் சக்கரம் புதையும், கரையும் சரியும். ஆகவே பணி ஆணை எப்போது வரும், ஒப்பந்தம் எத்தனை மாதம், தாமதத்துக்கு என்ன அபராதம் என்று படித்துவிட்டே விலை போடுங்கள். பிப்ரவரி முதல் மே வரை கிடைத்தால் அது ஒரு விலை, செப்டம்பரில் தொடங்க வேண்டுமென்றால் அது வேறு விலை. இடத்தை நேரில் போய்ப் பார்க்காமல் விலை போடவே கூடாது. கரைத் தேக்கில் பட்டையைச் செதுக்கி எண் போட்டு, அடிமரத்தில் சுத்தியல் முத்திரை அடித்திருப்பார்கள். பட்டியலில் உள்ள எண்ணையும் சுற்றளவையும் அந்த மரங்களோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனெனில் முத்திரை இல்லாத ஒரு மரம் விழுந்தாலும் அது உங்கள் மேல் வழக்காகும். தேக்கு லாரிக்கு வனத்துறையின் பர்மிட் இல்லாமல் ஒரு சோதனைச் சாவடியையும் தாண்ட முடியாது.

தைலமரத்தில் அடிக்கட்டை பற்றிய நிபந்தனையையும் கவனியுங்கள். தரையை ஒட்டி, சரிவாக, பட்டை கிழியாமல் வெட்டினால்தான் மறுதாம்பு, அதாவது கட்டையிலிருந்து வரும் புதுத் துளிர், ஒழுங்காக வரும் என்பதால், உயரமாக விட்ட கட்டைக்குப் பிடித்தம் செய்வதுண்டு. எடை எங்கே போடப்படும் என்பதும் முக்கியம். வெட்டிய மரம் வெயிலில் நாளுக்கு நாள் எடை குறையும், லாரி வரத் தாமதமானால் அந்த நட்டம் டன் கணக்கில் கூலி வாங்கும் உங்களுடையது.

தொழிலாளர் காப்பீட்டை ஒரு காகிதமாக மட்டும் நினைக்க வேண்டாம் என்று வருந்திக் கேட்டுக்கொள்கிறேன். கிளை மாட்டி நிற்கும் மரத்தடியில் போய் நிற்பவர் நம் ஆள். 1923ஆம் ஆண்டிலிருந்தே வேலையில் ஏற்படும் விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பைச் சட்டம் வேலை கொடுப்பவர்மேல் வைத்திருக்கிறது. தலைக்கவசம், முகத்திரை, காலுக்கான வெட்டுத்தடுப்பு உறை, பிரீமியம் ஆகிய எல்லாவற்றையும் டன் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். அவற்றைக் கழித்துத்தான் ஒருவர் உங்களைவிடக் குறைந்த விலை போடுகிறார் என்றால், அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். நிபந்தனையில் புரியாதது எதுவாக இருந்தாலும், டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.