ஸ்பிரிட் என்றால் ஆவி மட்டும்தானா?

கேள்வி: அமெரிக்க ராக் இசைக்குழுவான ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ சாத்தான் சபையைப் பற்றிய பாட்டு என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஓர் அண்ணன் அடித்துச் சொல்கிறார். வரிக்கு வரி தமிழில் விளக்கமும் கொடுத்தார். தை மாதம் நண்பனின் திருமண வரவேற்பில் வாசிக்க நாங்கள் ஒத்திகை தொடங்கிவிட்டோம். உண்மை என்ன? வாசிக்கலாமா? ஒத்திகையில் வேறு ஏதோ ஓர் இடம் உதைக்கிறது.
– ஒரு வாசகர், கருங்கல்

பதில்: அண்ணன் பொய் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பில் வழுக்கியிருக்கிறார்.

வழுக்கிய இடம் எது என்றும் தெரிகிறது. விடுதிக்கு வந்தவன் தனக்குப் பிடித்த ஒயின் கேட்கிறான். அந்த ‘ஸ்பிரிட்’ 1969-க்குப் பிறகு இங்கே இல்லை என்று பதில் வருகிறது. நம் ஊரில் ஞாயிறு ஆராதனையில் அந்தச் சொல்லுக்கு ‘ஆவி’ என்று பொருள். கேரள எல்லையில் லாரியோடு பிடிபடும்போது அதுவே எரிசாராயம். இவை இரண்டும் போக, ஒரு காலத்தின் வேகம், எழுச்சி என்ற மூன்றாவது பொருளும் உண்டு. பாட்டு விளையாடுவது இந்த மூன்றாவதில். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழா. லட்சக்கணக்கான இளைஞர்கள் கூடிக் கலைந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆல்டமான்ட்டில் நடந்த கச்சேரியில் கத்திக்குத்து, கொலை. அந்தத் தலைமுறையின் நம்பிக்கை அத்தோடு போயிற்று என்பதுதான் வரி. ஒயின் புளிக்க வைப்பது, ஸ்பிரிட் காய்ச்சி வடிப்பது, இதுகூடத் தெரியாதா என்று பாட்டை எழுதிய டான் ஹென்லியிடமே கேட்டிருக்கிறார்கள். தெரிந்தே எழுதியது.

அடுத்தது ‘மிருகம்’. விருந்தில் எல்லோரும் கத்தியால் குத்தியும் அதைக் கொல்ல முடியவில்லை என்று பாட்டில் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தைப் படித்து வளர்ந்தவருக்கு உடனே பதின்மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வரும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பாட்டில் அந்த மிருகம், விட நினைத்தாலும் விடாத போதையும் ஆசையும். குத்தும் கத்திக்கு அவர்கள் போட்ட ‘ஸ்டீலி’ என்ற அடைமொழி, ஸ்டீலி டான் என்ற குழுவுக்கு அடித்த சின்ன சலாம். அந்தக் குழு 1976-இல் தன் பாட்டொன்றில் ஈகிள்ஸ் பெயரை இழுத்திருந்தது. இது பதில் மரியாதை. இதையும் சாத்தான் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

வதந்திக்கு வேர் ஒன்று உண்டு. ஆன்டன் லாவே என்பவர் 1966-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சாத்தான் சபையைத் தொடங்கினார். அவர் வீடு இருந்தது கலிஃபோர்னியா தெருவில். தெருப் பெயரும் பாட்டுப் பெயரும் ஒட்டிக்கொண்டன. இசைத்தட்டு அட்டையில் இருப்பதோ அந்த வீடு அல்ல. பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலை, அந்தி வெளிச்சத்தில், உயரத் தூக்கும் வண்டியில் ஏறி நின்று எடுத்த படம். மெக்சிகோவில் டோடோஸ் சாண்டோஸ் ஊரில் இதே பெயரில் ஒரு விடுதி இருக்கிறது. அதன் மேல் ஈகிள்ஸ் 2017-இல் வழக்குப் போட்டு மறு ஆண்டு சமரசமானார்கள். பாட்டு பிறந்த இடம் அதுவும் இல்லை.

பின் எது பற்றிய பாட்டு? பணம் கொட்டத் தொடங்கிய எழுபதுகளின் லாஸ் ஏஞ்சலஸ் பற்றியது. வெள்ளந்தியாக வந்தவன் எல்லாம் பார்த்துக் கெட்டுத் தேர்ந்த கதை என்ற பொருளில்தான் ஹென்லியும் விளக்கியிருக்கிறார். டிஃபனி நகை, மெர்சிடஸ் கார் என்று வருவது அதனால். சொர்க்கமா நரகமா என்று வந்தவன் குழம்புவதும் அதனால்தான். இரண்டாம் வரியின் ‘கோலிட்டாஸ்’ ஸ்பானியச் சொல். சின்ன வால்கள் என்று பொருள், கஞ்சா மொட்டுக்கான பேச்சுவழக்கு. ஆகவே அண்ணனுக்குக் கவலைப்பட ஏதாவது வேண்டுமென்றால் சாத்தானை விட்டுவிட்டு இதைப் பிடிக்கலாம். முதல் வரியின் இரவுக் காற்று எப்படியிருக்கும் என்பது ஆரல்வாய்மொழிக் கணவாயில் பைக் ஓட்டியவருக்குச் சொல்ல வேண்டாம்.

இனி ஒத்திகை. உதைக்கும் இடம் நான்காவது கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) என்று பந்தயம் கட்டலாம். வரிசை: பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, இ, ஜி, டி, இ மைனர், எஃப் ஷார்ப். ஒரு கார்டுக்கு ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று. நான்காவது இ மேஜர், ஏழாவது இ மைனர். சபைப் பாட்டு வாசித்துப் பழகிய கை, மைனர் ஸ்கேல்தானே என்று இரண்டையும் மைனராகவே பிடிக்கும், பாட்டு செத்துவிடும். கர்நாடக சங்கீதக் காதுக்கு இப்படிச் சொல்லலாம்: பி-யை ஸட்ஜமாக வைத்தால் அடித்தளம் நடபைரவி. எஃப் ஷார்ப் வரும்போது காகலி நிஷாதம் நுழைந்து கீரவாணி முகம் காட்டும். இ மேஜரில் தைவதம் ஒரு படி ஏறும். இந்த இரண்டு சுரமும் பிசகினால் மற்றதெல்லாம் சரியாக வாசித்தும் பயனில்லை.

கிட்டாரில் ஏழாவது ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு இ மைனர், பி, டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி என்று பிடியுங்கள். அசல் முன்னிசை அப்படித்தான், பன்னிரண்டு கம்பியில். கேப்போ இறுக்கியதும் சுருதி கொஞ்சம் ஏறிவிடும். போட்ட பிறகு ஒருமுறை சேர்க்காமல் மேடை ஏறாதீர்கள். பன்னிரண்டு கம்பியில் முதலில் அறுவது மெல்லிய ஜி கம்பி, இரண்டு உபரி வைத்திருங்கள். மண்டபம் குளச்சல், முட்டம் பக்கமென்றால் உப்புக்காற்று. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் +2 (சுருதியை இரண்டு அரைச்சுரம் ஏற்றும் வசதி) வைத்து ஏ மைனரில் வாசித்தால் கறுப்புக் கட்டை வெறும் ஜி ஷார்ப்பும் எஃப் ஷார்ப்பும்தான்.

வேகம் நிமிடத்துக்குச் சுமார் 75 அடி. இதற்கு முதலில் ‘மெக்சிகன் ரெக்கே’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். ரெக்கே என்பது இடையடியில் அழுத்தம் விழும் ஜமைக்கா இசை, ஆகவே ஸ்ட்ரம்மிங்கில் இடையடிக்கு அழுத்தம் வேண்டும். எல்லா அடியையும் ஒரே மாதிரி அடித்தால் அணிவகுப்பு வாத்தியமாகிவிடும்.

கடைசி இரண்டு நிமிட கிட்டார் பகுதியைக் கற்பனையில் ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஈகிள்ஸின் கிட்டார்க்காரர்கள் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் ஒலிப்பதிவில் அப்படித்தான் தொடங்கினார்கள். ஹென்லி நிறுத்தி, ஃபெல்டர் முன்பு பதிந்து கொடுத்த டெமோ கேசட்டில் உள்ளபடியே வேண்டும் என்றார். ஃபெல்டருக்கு அது மறந்துபோயிருந்தது. ஒலிப்பதிவு நடந்த மயாமியிலிருந்து தன் மலிபு வீட்டுக்குப் போன் போட்டு, வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கேசட்டை ஓடவிடச் சொல்லிக் கேட்டு மறுபடி கற்றுக்கொண்டார். பாட்டுக்குச் சொந்தக்காரரே சுரம் சுரமாகப் படித்திருக்கிறார். இரண்டு கிட்டாரும் கார்டின் சுரங்களைப் பங்கிட்டு இணையாக இறங்கும் இடத்தைத் தனித்தனியாக, பாதி வேகத்தில் பழகுங்கள். ஒருவர் மட்டும் வாசித்தால் அந்த இடம் எலும்பாகத்தான் கேட்கும்.

சரி, வரவேற்பில் வாசிக்கலாமா? மொத்தம் ஆறரை நிமிடம். வானொலிக்காக வெட்டச் சொன்னபோது குழு மறுத்துவிட்டது. 1977 மே மாதம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது அந்த நீளத்தோடுதான். நீளம் பிரச்சினையில்லை. முடிவுதான் பிரச்சினை: கணக்கு முடித்து அறையைக் காலி செய்யலாம், இடத்தை விட்டு மட்டும் போகவே முடியாது என்கிறான் இரவுக் காவலாள். மாலையும் கழுத்துமாக நிற்கும் மாப்பிள்ளையிடம் இதைத்தான் பாட வேண்டுமா? ஆங்கிலம் அறிந்த சித்தப்பா ஒருவர் பெண் வீட்டில் கட்டாயம் இருப்பார். வாயை மூடிக்கொண்டு முன்னிசையும் கடைசி கிட்டாரும் மட்டும் வாசியுங்கள், அதுவும் ஆட்கள் பந்திக்கு எழும்பும் நேரத்தில்.