பதில்: தில்லிக் குளிரில் அப்பா அம்மா, அறைக்குள் அங்கீட்டி வைக்கலாமா?

கும்பகோணத்திலிருந்து வந்த அப்பா நடுங்குகிறார், பக்கத்து வீட்டுக்காரர் அங்கீட்டியை, அதாவது கரி போட்டு எரிக்கும் கணப்புச் சட்டியை, இரவு அறைக்குள் வைக்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமோ மணமோ கிடையாது, தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. தில்லியில் குளிர்காலந்தோறும் இப்படிச் சாவுச் செய்தி வருகிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதையும் நம்பாதீர்கள்.

ஆயில் ஹீட்டர் வாங்குங்கள். சூடான காற்றை ஊதும் பிளோயர் மலிவுதான், ஆனால் தொண்டையைக் காய வைக்கும், சத்தமும் உண்டு. எதுவானாலும் 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் போர்டு சூடேறி உருகும். படுக்கும் முன் அறையைச் சூடாக்கி அணைத்துவிட்டு, ரஜாய் என்கிற பஞ்சு மெத்தைப் போர்வைக்குள் போய்விடலாம். வெந்நீர்ப் பை கொடுத்தால் துண்டில் சுற்றிக் கொடுங்கள். வயதானவர்களுக்குச் சுடுவது சட்டென்று உறைக்காது.

சிம்லா பக்கம் பனி கொட்டி வானம் தெளிந்ததும் வடமேற்குக் காற்று இங்கே இறங்கும். அதனால் மலையில் பனிப்பொழிவு என்று செய்தி வந்தாலே கம்பளியை எடுத்து வையுங்கள். 2021 ஜனவரி 1 அன்று தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி! அப்பாவின் காலை நடையை வெயில் வந்தபிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூடுபனியோடு புகையும் தாழ்வாகவே நிற்கும்.

அப்புறம், அம்மாவின் இட்லி மாவு. பொங்காததற்கு உளுந்தைக் குறை சொல்ல வேண்டாம், குளிர்தான் காரணம். வெதுவெதுப்பான நீரில் அரைத்து, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அதிலும் ஓர் இரவு போதாமல் போகலாம்; அன்றைக்கு உப்புமாதான்.