ஆழம் வேண்டுமானால் குமிழைக் குறையுங்கள்

கேள்வி: பல்ஸ் இன்டக்ஷன் வகை மெட்டல் டிடெக்டர் ஒன்றைக் கொண்டு, கடற்கரையில் தொலைந்த மோதிரங்களைத் தேடிக் கொடுத்து வருகிறேன். குமிழ்கள் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தும் 20 சென்ரிமீற்றருக்குக் கீழே எதுவும் அகப்படவில்லை. இரைச்சலோ தாங்க முடியவில்லை. எதை மாற்றினால் ஆழம் கூடும்?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: உச்சத்தில் வைத்ததுதான் கோளாறு. இக்கருவியின் கம்பிச் சுருளில் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் மின்னோட்டம் பாய்ந்து சடுதியாக நிற்கிறது. அவ்வாறு நிற்கும் கணத்தில் மணலுக்குள் கிடக்கும் உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் தேய்ந்து மறைவதையே கருவி உணர்கிறது. சுருளிலிருந்து போகும் காந்தப் புலமும் உலோகத்திலிருந்து திரும்பும் புலமும் தூரத்தோடு மிக விரைவாக மெலிவதால், 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சுருளின் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினாலும், 20 சென்ரிமீற்றரில் கேட்ட மோதிரம் ஏறத்தாழ 23 வரைதான் கேட்கும். பற்றரிதான் விரைவில் தீரும். இரைச்சலைக் குறைப்பதே இலாபம்.

சுருளை மணலுக்குச் சற்று மேலே அசையாமல் பிடித்துக்கொண்டு, படபடப்பு அடங்கும்வரை உணர்திறனைக் குறையுங்கள். பின்னர் தொடக்க ஒலியை, காதருகே நுளம்பு பறப்பது போல மெல்லிய ரீங்காரம் விடாமல் கேட்கும் அளவுக்கு வையுங்கள். ஆழத்தில் கிடக்கும் மோதிரம் உரத்துக் கத்தாது. அந்த ரீங்காரத்தைச் சற்றே உயர்த்திவிட்டு அடங்கும். அலையோசையில் அது அமிழ்ந்துவிடும் என்பதால் ஹெட்போன் கட்டாயம்.

அடுத்தது, மின்னோட்டம் நின்றபின் கருவி எவ்வளவு நேரம் பொறுத்துச் செவிமடுக்கிறது என்ற தாமதம். பலர் இதைத் தொடுவதேயில்லை. என் கருத்தில் இதுவே மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானது. தாமதம் குறைவாக இருந்தால் உப்புநீர் ஊறிய மணலே ஒலியெழுப்பும். கூடினால் மெல்லிய தங்கத்தின் சுழல் மின்னோட்டம் அதற்குள் தேய்ந்துபோயிருக்கும். ஈர மணலில் 15 மைக்ரோ செக்கனில் தொடங்கி, இரைச்சல் எழும்வரை குறைத்து, அங்கிருந்து சற்றுக் கூட்டி நிறுத்துங்கள். மோதிரம் மூடிய வளையமாதலால் நன்றாக அகப்படும். மெல்லிய சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு உலோகம் போல நடப்பதால், அது 5 சென்ரிமீற்றரிலும் தப்பிவிடக்கூடும்.

வெள்ளவத்தையில் இன்னொரு தொல்லை, கரையையொட்டி ஓடும் தண்டவாளம். அதற்கு இணையாக நடந்தால், சுருளை வீசும் ஒவ்வொரு வீச்சும் தண்டவாளத்தை நெருங்கி விலகும். தண்டவாளத்திலிருந்து கடலை நோக்கி நடந்தால் வீச்சு தண்டவாளத்துக்கு இணையாக அமைந்து, தொல்லை குறையும். ரீங்காரம் அலைபோல ஏறியிறங்கினால் அயலிலுள்ள 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். துடிப்பு வீதத்தை, அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை மின்னோட்டம் பாய்கிறது என்பதை, மாற்றும் குமிழ் இருந்தால் சிறிது திருப்பிப் பாருங்கள். கைத்தொலைபேசியை அணைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் புதைத்த மோதிரமொன்றின்மேல் சோதியுங்கள். புதைக்குமுன் அதில் நீண்ட நூலொன்றைக் கட்டுங்கள். சோதனை மோதிரத்தைத் தேடி மாலை முழுவதும் மணலைக் கிளறியவர்கள் உண்டு.

கேள்வி: பெரிய சுருள் மாட்டினால் போதாதா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நங்கூரம் தேடுபவருக்குப் போதும். சுருள் பெரிதாகும்போது அதனருகே புலம் மெலிவதால் தோடு போன்ற சிறு பொருள்கள் கைவிட்டுப் போகும். சுற்றுப்புற இரைச்சலும் கூடுதலாகப் புகும். மோதிரத்துக்கு 25 சென்ரிமீற்றர்ச் சுருளே ஏற்றது.