மலாவி ஏரியில் இறங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆப்பிரிக்க நாடான மலாவிக்குப் போக எந்த மாதம் ஏற்றது?

பதில்: நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஆனால் வானம் வெளுத்திருந்தால் ஏரியும் அமைதியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மே முதல் ஆகஸ்ட் வரை ‘ம்வேரா’ என்ற தென்கிழக்குக் காற்று விட்டு விட்டு வீசும். பிடித்தால் சில நாள் விடாது. ஏரி தெற்கு வடக்காக ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளம். அந்த நீளம் முழுக்கக் காற்று தடையின்றி ஓடி வருவதால் பெரிய அலைகள் எழும், கரையோர நீர் கலங்கும், சிறு படகுகள் புறப்படாது. நீந்தவும் மீன் பார்க்கவும் போகிறவர்கள் செப்டம்பர், அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள். அக்டோபரில் வெயில் கொளுத்தும். அதற்குத் தயாராகப் போங்கள்.

கேள்வி: ஏரியின் தென்கரையில் உள்ள கேப் மெக்லியரில் நீந்த ஆசை. பில்ஹார்சியா என்ற புழு நோய் வரும் என்கிறார்கள். முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. முன்கூட்டிப் போடுவதால் பயனில்லை. ஏரியிலிருந்து ஏறிய மறுநாள் போட்டாலும் அதே கதைதான். நன்னீர் நத்தைக்குள் வளர்ந்து வெளிவரும் நுண்புழு உங்கள் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அது முதிர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். பிராசிகுவாண்டெல் மருந்து முதிர்ந்த புழுவைத்தான் நன்றாகக் கொல்லும். இளம் புழு தப்பிவிடும். ஆகவே கடைசியாக நீரில் இறங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து 6 முதல் 12 வாரம் கழித்துப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன் எடுத்தால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரக்கூடும். மருந்தின் வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 600 மில்லிகிராம் மாத்திரை நான்கு, உணவோடு. மருத்துவர் சொல்லாமல் நீங்களாகப் போட வேண்டாம். இடையில் காய்ச்சல், இருமல், தோல் தடிப்பு வந்தாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, மலாவி ஏரியில் குளித்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆனால் காய்ச்சல் என்றால் முதலில் மலேரியாவுக்கு, அன்றைக்கே, ரத்தம் பார்த்தாக வேண்டும்.

நாணல் புதரைத் தவிர்த்தால் போதும் என்பது பழைய அறிவுரை. கேப் மெக்லியரில் நாணலே இல்லாத மணல் அடியிலும் இந்த நத்தை வாழ்கிறது. நத்தையைத் தின்னும் மீன்களைக் கரையோரத்தில் அளவுக்கு மீறிப் பிடித்ததால்தான் நத்தை பெருகியது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ‘எங்கள் கரையில் கிடையாது’ என்று விடுதிக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கிராமத்துக் கரையில் நடந்து இறங்குவதைவிட, படகில் போய் ஆழமான பாறைப் பக்கம் குதிப்பது மேல். நடுப்பகலில் நுண்புழு அதிகம். துண்டால் அழுத்தித் துடைப்பது நல்லதுதான், ஆனால் அதைக் காப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகும், இறங்குங்கள் என்றே சொல்வோம். ஆட்டர் பாயிண்ட் பாறைகளிலும் தும்பி வெஸ்ட் தீவருகிலும் முகமூடியோடு தலையை நீருக்குள் வைத்தாலே போதும். நீலமும் மஞ்சளுமாக ‘ம்புனா’ மீன்கள் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கும். தாடை புடைத்து, எதையும் தின்னாமல் ஒதுங்கி நிற்கும் மீனைக் கண்டால் நின்று பாருங்கள்: அது தாய், வாய்க்குள் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. இந்தப் பகுதியிலுள்ள மலாவி ஏரித் தேசியப் பூங்காவுக்கு 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்ததே இந்த மீன்களுக்காகத்தான்.

கேள்வி: இலாலா கப்பலில் ஏரியிலுள்ள லிகோமா தீவுக்குப் போக முடியுமா?

பதில்: கப்பல் ஓடுகிற வாரத்தில் முடியும். 1951 முதல் ஏரியில் இருக்கும் பழைய கப்பல். பழுது பார்க்க நிறுத்தினால் வாரக்கணக்கில் வராது. ஓடினாலும் சரக்கு ஏற்றி இறக்குவதில் பல மணி நேரம் தாமதமாகும். லிகோமாவில் கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறி இறங்க வேண்டும். பையை முதுகில் மாட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் இந்தப் பயணத்தை வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: பணம், சாலை?

பதில்: நாணயம் குவாச்சா. ஏரிக்கரையில் வங்கி அட்டையை நம்ப முடியாது. லிலோங்வே, பிளான்டையர், ம்ஸுஸு நகரங்களிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் தரும். டாலர் கொண்டுபோனால் கிழிசல், கறை இல்லாத புதிய தாள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீளும், ஆகவே கிடைக்கிற இடத்தில் டேங்கை நிரப்புங்கள். மாலை ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். விளக்கில்லாத சைக்கிளும் ஆடுகளும் சாலையில் இருக்கும், இரவில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் வேண்டுமா?

பதில்: அந்நோய் உள்ள நாட்டிலிருந்து வந்தாலோ, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் விமானம் மாறக் காத்திருந்தாலோ கேட்பார்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழி வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தைப் பார்த்தே டிக்கெட் எடுங்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். மக்காச்சோள மாவுக் களியான ‘ன்ஸிமா’தான் அன்றாட உணவு. அதோடு பீன்ஸ், பூசணி இலைக் கீரை கேளுங்கள். வேர்க்கடலைப் பொடி சேர்த்துச் சமைத்த கீரை நல்ல ருசி. சிறிய கடைகளில் இவை சீக்கிரம் தீர்ந்து கோழியும் மீனும் மட்டுமே மிஞ்சும். காலையிலேயே சொல்லி வைத்தால் மதியத்துக்கு எடுத்து வைப்பார்கள்.